டீச்சர் சொன்ன ஆள்

தபீதா டீச்சர் அந்தப் பொய்யச் சொன்னது ஒரு திங்கக்கெழம காலைல, ரெண்டாம் வகுப்புல, அட்டெண்டன்ஸ் எடுத்து முடிச்ச கையோட. நல்ல மனசோடதான் சொன்னாங்க. அத நான் மொதல்லயே சொல்லிடறேன், இல்லன்னா அவங்கள தப்பா நெனச்சுடுவீங்க.

அறுபத்தொம்பதாம் வருஷம். இரும்புலியூர்ல ரயில் லைன ஒட்டி ஒரு மிஷன் ஸ்கூல். ஓட்டுக் கட்டடம், மொத்தம் மூணு டீச்சருங்க. லைனுக்கு அந்தாண்ட ஒரு பெரிய கொடுக்காப்புளி மரம் நின்னுச்சு. மத்தியானம் மணி அடிச்சா போதும், சாப்பிட்ட தட்டுல ஈரம் காயறதுக்குள்ள பசங்க லைனத் தாண்டி மரத்தடில நிக்கும். புஷ்பம்னு ஏழு வயசுப் பொண்ணு, ரயில்வே யார்டுல ஃபிட்டரா இருந்த சாலமோனோட மக. ஒரு நாள் எக்ஸ்பிரஸ் ஊதிக்கிட்டு வர்றப்போ, கழண்டு போன செருப்ப எடுக்கறேன்னு லைன் நடுவுல குனிஞ்சு நின்னுடுச்சு. கேட்மேன் ஓடிப் போய் பாவாடையப் புடிச்சு இழுத்ததுல தப்பிச்சுது. டீச்சர் அத ஜன்னல் வழியா பாத்தாங்க. மூணு நாள் அவங்களுக்கு சோறு எறங்கல.

சொல்லிப் பாத்தாங்க. அடிச்சுப் பாத்தாங்க. முட்டி போட வச்சாங்க. போர்டுல ரயில் படம் போட்டு, சக்கரத்துக்குக் கீழ ஒரு பொம்மையப் படுக்க வச்சுக் காட்டினாங்க. பசங்க கெக்கேபிக்கேன்னு சிரிச்சுதுங்க. மறுநாளும் மரத்தடிதான்.

ரயிலுக்கு இதுங்க பயப்படாது, பொறந்ததுலேர்ந்து பாக்குதுங்க. கண்ணால பாக்காத ஒண்ணு இருந்தாத்தான் பயம் வரும். டீச்சருக்கு அப்படித் தோணுச்சு.

"லைனுக்கு அந்தாண்ட ஒரு ஆள் வர்றான். தோள்ல சாக்கு. கையெல்லாம் ஒரே கரி. தனியா வர்ற புள்ளைங்கள..."

அதோட நிறுத்திட்டாங்க. மீதிய பசங்களே முடிச்சுக்கிச்சுங்க. அன்னிக்கு மத்தியானம் மரத்தடில ஒரு புள்ள கூட இல்ல. டீச்சர் ஜன்னல்கிட்ட நின்னு பாத்துட்டு, கண்ண மூடி ஸ்தோத்திரம் சொன்னாங்க.

புதன்கெழம ரெண்டு அம்மாமாருங்க ஸ்கூல் விடற நேரத்துக்கு வந்து நின்னாங்க. வியாழக்கெழம பத்துப் பேரு. "எதுக்கும்மா வந்திருக்கீங்க?"ன்னு டீச்சர் கேட்டதுக்கு, "உங்களுக்குத் தெரியாதா டீச்சர்? பெருங்களத்தூர்ல ரெண்டு புள்ளையத் தூக்கிட்டானாம். கோவிலம்பாக்கத்துல ஒண்ணாம். சாக்குல போட்டா சத்தமே வராதாம், அதுக்குன்னு ஏதோ மருந்து வச்சிருக்கானாம்"ன்னாங்க.

டீச்சர் மருந்துன்னு சொல்லவே இல்ல. பெருங்களத்தூரும் சொல்லல. அப்பவே வாயத் தொறந்து, "ஐயோ, அது நான் சும்மா சொன்னதும்மா"ன்னு சொல்லியிருக்கலாம். ஆனா பக்கத்துலயே பசங்க நிக்குது. சொன்னா நாளைக்கே லைன் மேல நிக்கும். ரெண்டு வாரம் போனா தானா அடங்கிடும்னு விட்டுட்டாங்க.

அவங்க நெஜமா மாட்டிக்கிட்டது வெள்ளிக்கெழம சாயங்காலம்.

வெள்ளிக்கெழமல பெண்கள் சங்க ஜெபக்கூட்டம், சாலமோன் சம்சாரம் ரத்தினபாய் வீட்டுல நடக்கும். வட்டமா பாய்ல உக்காந்து, ஒவ்வொருத்தரா ஜெபக்குறிப்பு சொல்லணும். மாமியாருக்கு மூட்டு வலி, தங்கச்சிக்கு வரன் அமையணும், இப்படி. அப்புறம் எல்லாரும் கண்ண மூடி ஒண்ணா ஜெபிப்பாங்க. அன்னிக்கு ரத்தினபாய் முறை வந்தப்போ, "நம்ம புள்ளைங்களக் கொண்டுபோக அலையற அந்த சாக்குக்காரன் கையிலேர்ந்து கர்த்தர் காக்கணும். நம்ம தபீதா டீச்சர் மட்டும் முன்கூட்டியே எச்சரிக்கலன்னா எம் புஷ்பம் இன்னிக்கு எந்த ஊர்ல இருப்பாளோ"ன்னு அழுதுட்டாங்க.

இருபத்தஞ்சு பொம்பளைங்க டீச்சரப் பாத்தாங்க. பக்கத்துல இருந்த அம்மா டீச்சர் கையப் புடிச்சு அழுத்தினாங்க. இப்ப சொன்னா என்ன ஆகும்? பொய் சொன்ன டீச்சர். அதுவும் ஜெபத்துக்கு நடுவுல. யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எல்லாரும் கண்ண மூடிட்டாங்க. ரத்தினபாய் உருகி உருகி ஜெபிச்சாங்க. முடிவுல "ஆமென்"ன்னு எல்லாரும் சொன்னப்போ டீச்சரும் சொன்னாங்க.

ஜெபத்துல வச்சு ஆமென் சொன்ன ஒண்ண, அதுக்கப்புறம் எங்க ஜனத்துல யாரும் பொய்யின்னு நெனைக்க மாட்டாங்க. அந்த ஒரு வார்த்தைல அந்த ஆளுக்கு உசுரு வந்துடுச்சு.

அன்னிக்கு வூட்டுக்கு நடந்து போறப்போ ரயில் கேட் பக்கத்துல கருப்பா ஏதோ குந்தியிருந்துச்சு. டீச்சர் அப்படியே நின்னுட்டாங்க. கிட்ட போய் பாத்தா யாரோ போட்டுட்டுப் போன தார் டின்னு. 'அடியே தபீதா, அவன் இல்லன்னு உலகத்துலயே உனக்குத்தானே தெரியும்'னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாங்க. ஆனாலும் மீதி தூரத்த ஓட்டமும் நடையுமாத்தான் போனாங்க. கதவ ரெண்டு தாப்பாளும் போட்டாங்க.

அவங்க வூட்டுக்காரர் சத்தியநாதன், பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு கம்பெனில குமாஸ்தா. அவர் வந்ததும் டீச்சர் எல்லாத்தையும் கொட்டிட்டாங்க. அவர் சட்டைய ஆணில மாட்டிட்டு நிதானமா சொன்னாரு:

"நீ சொன்னது வேற, இது வேற தபீதா."

"என்னங்க வேற? நான் சொன்னதுதான் சுத்திச் சுத்தி வருது."

"டிரெயின்ல இன்னிக்குப் பேசிக்கிட்டாங்க. குரோம்பேட்டைல ஒருத்தர் அவன நேர்லயே பாத்திருக்காரு. நீ ஏதோ வாய்க்கு வந்ததச் சொல்லிருக்கே, அது நெஜத்தோட பொருந்திப் போயிருக்கு. அவ்ளோதான்."

கட்டின புருஷனே நம்பல. அதவிட பெரிய பயம் என்னன்னா, அவர் சொன்னத ஒரு நிமிஷம் இவங்களே நம்பினாங்க. இருக்குமோ? நெஜமாவே ஒருத்தன் இருப்பானோ?

மறு வாரம் சனிக்கெழம. ஸ்கூல் அரை நாள். பன்னெண்டரை மணி இருக்கும், பசங்கல்லாம் வூட்டுக்குப் போயாச்சு. நோட்டுத் திருத்திக்கிட்டு இருந்தப்போ கேட் பக்கமிருந்து ஒரு பொண்ணு வீல்னு கத்தற சத்தம். அடுத்து ஆம்பளைங்க சத்தம். கத ஒண்ணும் தெரியாமலே டீச்சருக்கு வெளங்கிடுச்சு. பேனாவப் போட்டுட்டு ஓடினாங்க.

ஜி.எஸ்.டி. ரோட்டோரம் புளியமரத்தடில நாப்பது அம்பது பேரு. நடுவுல ஒரு ஆள மரத்தோட சேத்துக் கட்டியிருக்காங்க. அம்பது வயசு இருக்கும். லுங்கி கிழிஞ்சு, காதுலேர்ந்து ரத்தம் தாடில எறங்குது. கையெல்லாம் கரி. பக்கத்துல ஒரு சாக்கு.

டீச்சருக்கு அந்த ஆள தெரியும். பல்லாவரத்துலேர்ந்து வருஷத்துக்கு ஒரு தடவ வந்து பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசற அத்தாவுல்லா பாய். போன வருஷம் டீச்சர் வூட்டு வாசல்ல உக்காந்து, கரி நெருப்ப துருத்தியால ஊதி ஊதி, குண்டானுக்கும் அண்டாவுக்கும் பூசிக் குடுத்தாரு. சாக்குல கரி. கையெல்லாம் கரி. அந்தத் திங்கக்கெழம வாய்க்கு வந்ததுன்னு நெனச்சாங்களே, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. இவரத்தான் சொல்லியிருக்காங்க. தெரியாமலே இவரத்தான் படம் போட்டுக் காட்டியிருக்காங்க.

நடந்தது இதுதான். காலைல வந்து நாலு வூட்டுல பாத்திரம் வாங்கி மரத்தடில அடுப்பு மூட்டியிருக்காரு. அந்தப் பக்கம் போன புஷ்பத்தப் பாத்து, "பாப்பா, உங்கம்மாவ பாத்திரம் ஏதாச்சும் கீதான்னு கேளு"ன்னு கூப்ட்டிருக்காரு. அது கத்திடுச்சு.

"சாலமோன்! கட்ட அவுத்து விடுங்க!" டீச்சர் கூட்டத்தப் பொளந்துகிட்டு உள்ள போனாங்க. "இவரு ஈயம் பூசறவரு. என் வூட்டுக்கே வந்திருக்காரு."

சாலமோன் நல்ல மனுஷன். கோயில்ல காணிக்கத் தட்டு எடுக்கறவர். இப்ப கைல ஒரு சவுக்குக் கட்டை வச்சிருந்தாரு, கண்ணு செவந்திருந்துச்சு. "நீங்க தள்ளிக்கோங்க டீச்சர். ஈயம் பூசறேன்னு சொல்லிக்கினுதான் வருவான். பின்ன, புள்ள புடிக்கிறவன்னு போர்டு மாட்டிக்கினா வருவான்?"

கூட்டம் சிரிச்சுது. அந்தச் சிரிப்பக் கேட்டுத்தான் டீச்சருக்கு நெஜமா பயம் வந்துச்சு. கோவமா இருக்கறவன்கிட்ட பேசலாம். சிரிக்கறவங்க எதுக்கும் தயாரா இருப்பாங்க.

ஒருத்தன் சாக்க ஒதறினான். கரி, துருத்தி, பூச்சுக்குத் தூவற நவச்சாரப் பொட்டலம், நாலஞ்சு குண்டான். கூடவே கைக்கொழந்தைக்குப் பால் ஊட்டற சின்னப் பித்தளைப் பாலாடை ஒண்ணு உருண்டு வந்து டீச்சர் கால்கிட்ட விழுந்துச்சு.

"பாத்தியா! பாலாடை! மருந்து ஊத்தறது இதுலதான்!"

"கைக்கொழந்தயக் கூட விடமாட்டான்டா இவன்!"

"பூச குடுத்தாங்கய்யா," அத்தாவுல்லா மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னாரு. "அந்தப் பச்ச கதவு வூட்டம்மா குடுத்தாங்க. கேளுங்கய்யா. அல்லா மேல சத்தியம்." சொல்லி முடிக்கறதுக்குள்ள கட்டை அவர் மணிக்கட்டுல எறங்குச்சு. அந்தச் சத்தம் டீச்சருக்குத் தனியா கேட்டுச்சு.

"நிறுத்துங்க! அப்படி ஒரு ஆளே கெடையாது!" டீச்சர் கத்தினாங்க. "நான்தான் சொன்னேன். பசங்க லைன தாண்டக் கூடாதுன்னு நான் கட்டின பொய்யி. பெருங்களத்தூரும் இல்ல, மருந்தும் இல்ல. பொய்யி! நான் சொன்ன பொய்யி!"

ஓங்கின கட்டை அப்படியே அந்தரத்துல நின்னுச்சு. தீந்துச்சுன்னு டீச்சர் நெனச்சாங்க. அப்பத்தான் ரத்தினபாய் முன்னாடி வந்தாங்க, புஷ்பத்த இடுப்போட அணச்சுக்கிட்டு.

"அதெப்டி டீச்சர்? நீங்க சொல்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே எங்க ஓர்ப்படி எங்கிட்ட சொன்னாளே."

"ரத்தினம், இல்லம்மா, நல்லா யோசிச்சுப் பாரு..."

"உங்களுக்கே தெரியாம கர்த்தர் உங்க வாயில வச்சுப் பேசியிருக்காரு டீச்சர். இப்ப பாவம் பாத்து மாத்திச் சொல்றீங்க."

பின்னாடியிருந்து ஒரு குரல்: "டீச்சர் கண்ணப் பாருய்யா. ஒரு மாதிரி கீது. வசியப் பொடி போட்டுட்டான் போல."

டீச்சரச் சுத்தி நின்னவங்க ரெண்டடி தள்ளிப் போனாங்க. அவ்ளோதான், ரெண்டே அடி. அந்த எடவெளியப் பாத்ததும்தான் டீச்சருக்குப் புரிஞ்சுது. பொய் சொன்னப்போ ஒரே நாள்ல ஊரே நம்புச்சு. உண்மையச் சொன்னா பைத்தியம்ங்குது. இன்னும் ரெண்டு தடவ கத்தினா அவங்களையும் சேத்துக் கட்டுவாங்க. ஓடிடலாம்னு தோணுச்சு. ஒரு கால் திரும்பக்கூட செஞ்சுது. அப்பத்தான் அந்தப் பச்ச கதவு ஞாபகம் வந்துச்சு.

பச்ச கதவு கனகவல்லி வூடு. தெரு முனைல. நாலு மாசக் கொழந்த. கனகவல்லி கூட்டத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தா, கொழந்தய முந்தானைல போத்தி, தலையக் குனிஞ்சுக்கிட்டு. அவ பாலாடையப் பாத்திருக்கா. அத்தாவுல்லா சொன்னதும் காதுல விழுந்திருக்கு. வாயே தொறக்கல. எப்படித் தொறப்பா? 'கொழந்த பாலாடையவா இவன் கைல குடுத்தே?'ன்னு ஊரே அவ மேல திரும்பும்.

டீச்சர் இந்தத் தடவ கத்தல. பாலாடைய எடுத்துப் பொடவைல தொடச்சாங்க. கூட்டத்தப் பாக்காம நேரா கனகவல்லிகிட்ட போனாங்க. அவளுக்கு மட்டும் கேக்கற மாதிரி பேசினாங்க.

"கனகா. அந்த ஆளு நல்லவரா கெட்டவரான்னு நான் கேக்கல. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். இது யாருதுன்னு மட்டும் சொல்லு."

கனகவல்லி நிமிந்தா. சாலமோனப் பாத்தா. கட்டையப் பாத்தா.

"உன்னுது இல்லன்னா தூக்கிப் போட்டுடறேன். கொழந்தைக்கு வேற வாங்கிக்கோ."

"வேணாம் டீச்சர்." குரலே வெளிய வரல. "எங்கம்மா சீரா குடுத்தது. என்னுதுதான்."

"சத்தமா சொல்லும்மா."

"என்னுதுதான்! நான்தான் பூச குடுத்தேன்! இன்னாத்துக்கு எல்லாரும் என்னைய மொறைக்கறீங்க?" சொல்லிட்டு ஓன்னு அழுதுட்டா. கொழந்தயும் சேந்து அழுதுச்சு.

கூட்டம் ஒரு மாதிரி ஆடுச்சு. அப்ப பின்னாலேர்ந்து சரோஜினின்னு ஒரு அம்மா மெதுவா எட்டிப் பாத்து, "அந்தப் பெரிய குண்டான் என்னுதுங்க. காலைல நானும் குடுத்தேன்"ன்னாங்க.

"அடியே, அது எங்க வூட்டுது. அடில ஒடுங்கியிருக்கும் பாரு."

"ஒடுங்கினதுதான் உன்னுது, இது என்னுது. கைய எடு."

அவ்ளோதாங்க. நாலு பொம்பளைங்க குனிஞ்சு அவங்கவங்க பாத்திரத்தப் பொறுக்க ஆரம்பிச்சாங்க. இவ்ளோ நேரம் எல்லாரும் வாய மூடிக்கிட்டு நின்னிருக்காங்க. ஒருத்தி தொறந்ததும் மத்தவங்களுக்கும் தைரியம் வந்துடுச்சு. ஓரத்துல நின்ன ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா வேற எங்கயோ வேல இருக்கற மாதிரி நழுவினாங்க. சாலமோன் மட்டும் நின்னாரு. கட்டையப் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் கயித்த அவுத்து விட்டாரு. மன்னிப்பு ஒண்ணும் கேக்கல.

"அப்ப இவன் இல்லன்னா, அவன் எங்க கீறான்?"ன்னு மட்டும் கேட்டாரு. டீச்சரக் கேக்கல. தெருவப் பாத்துக் கேட்டாரு.

டீச்சர் தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. அத்தாவுல்லாவுக்கு வலது கை மணிக்கட்டு பூரி மாதிரி வீங்கிடுச்சு. எடது கையால குடிச்சாரு. குடிச்சுட்டு டீச்சர் மொகத்தப் பாத்தாரு.

"நீங்க சொன்னத யாரும் நம்பலம்மா. நான் நம்பறேன். நீங்கதான் சொன்னீங்க."

திட்டல. சும்மா சொன்னாரு. டீச்சருக்கு அடிச்சிருந்தாக் கூட தேவலன்னு இருந்துச்சு.

"டாக்டர்கிட்ட போலாம் பாய்."

"வூட்டுக்குப் போறேன்மா. ஆனா..." ரோட்ட ரெண்டு பக்கமும் பாத்தாரு. "வழியெல்லாம் இந்தப் பேச்சு போயிருக்கும்லம்மா? தாம்பரம் ஸ்டேஷன்ல ஜனம் நிக்கும். எனக்கு ஒண்டியா போக பயமா கீது."

டீச்சர் கூடப் போனாங்க. சாக்கத் தோள்ல போட்டா வம்புன்னு அத மரத்தடிலயே விட்டுட்டு, துருத்திய மட்டும் டீச்சர் கைல எடுத்துக்கிட்டாங்க. தாம்பரம் வரைக்கும் நடந்தாங்க. பிளாட்பாரத்துல ஒரு பொம்பள இவரப் பாத்ததும் புள்ளய இழுத்து மடில வச்சுக்கிச்சு. வண்டில எதிர் சீட்டு ஆளு உத்து உத்துப் பாத்துட்டு, "இன்னா பாய், ரத்தம்?"ன்னான். அத்தாவுல்லா ஜன்னல் கம்பிய கெட்டியாப் புடிச்சுக்கிட்டாரு.

"என் கூட வந்தவரு. படில வழுக்கி விழுந்துட்டாரு"ன்னு டீச்சர் பட்டுன்னு சொன்னாங்க. அந்த ஆளு உடனே நம்பிட்டு பேப்பரப் பிரிச்சுக்கிட்டான். எவ்ளோ சுளுவா நம்பறாங்க!

பல்லாவரத்துல அவர் வூடு ஒரு சந்துக்குள்ள. பட்டப்பகல், வெயில் கொளுத்துது, கதவு ஜன்னலெல்லாம் அடச்சுக் கெடந்துச்சு. தட்டினாரு.

"யாரு?"

"நான்தான்."

"பேரச் சொல்லுங்க!"

"அத்தாவுல்லா. தொறடி மெஹரு."

கதவு ஒரு கோடு தொறந்துச்சு. அவர் சம்சாரம் மெஹர் பானு அவரப் பாத்து "யா அல்லா"ன்னு வாயில அடிச்சுக்கிட்டாங்க. அத்தாவுல்லா, "விழுந்துட்டேன். இந்த டீச்சரம்மாதான் கூட்டியாந்தாங்க"ன்னாரு. உள்ள புழுக்கத்துல மூணு புள்ளைங்க மூலைல ஒண்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

"ஏன்மா அடச்சு வச்சிருக்கீங்க?" டீச்சர் கேட்டாங்க. பதில் தெரிஞ்சே கேட்டாங்க.

"தெரியாதாம்மா உங்களுக்கு? புள்ள புடிக்கிற சாக்குக்காரன் நம்ம பக்கம் வந்துட்டானாம். மூணு நாளா இதுங்கள வெளிய விடல. இவரும் வெளிய அலையறாரேன்னு எனக்கு உசுரே இல்ல."

அத்தாவுல்லா செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

டீச்சர் சொன்னாங்க. நின்ன எடத்துலயே, திங்கக்கெழமலேர்ந்து எல்லாத்தையும் சொன்னாங்க. ஆமென் சொன்னது வரைக்கும். புளியமரம், கட்டை, பாலாடை, எதையும் விடல. மெஹர் பானு புருஷன் கைக்கு மஞ்சப் பத்துப் போட்டுக்கிட்டே கேட்டாங்க. அழுதாங்க. "இவர அடிச்சாங்களா? இவரையா? பாவிங்க, கை வெளங்குமா அவங்களுக்கு"ன்னாங்க. எல்லாம் கேட்டு முடிச்சுட்டு டீச்சர் கையப் புடிச்சுக்கிட்டாங்க.

"நீங்க எவ்ளோ நல்லவங்கம்மா. நாங்க பயப்படக் கூடாதுன்னு பழிய உங்க தலைல போட்டுக்கறீங்க."

"இல்லம்மா. நெஜமாவே நான்தான்..."

"இவரு அவன் இல்ல, அது எனக்குத் தெரியாதா? அதுக்காக அவனே இல்லன்னு ஆயிடுமா?"

டீச்சர் அத்தாவுல்லாவப் பாத்தாங்க. நம்பறேன்னு சொன்ன ஒரே ஆள். அவர் கண்ண மூடிக்கிட்டு இருந்தாரு.

"பொழுதோட கெளம்புங்கம்மா. ஒண்டியா போகாதீங்க, யாராச்சும் கூட சேந்துக்குங்க"ன்னு மெஹர் பானு வாசல் வரைக்கும் வந்தாங்க. சந்த ரெண்டு பக்கமும் எட்டிப் பாத்துட்டு உள்ள போனாங்க.

தாப்பாள் விழுந்துச்சு. அப்புறம் உள்ள கனமா எதையோ இழுத்துக் கதவுக்கு முட்டுக் குடுக்கற சத்தம். டீச்சர் அந்த வெயில்ல நின்னு அதக் கேட்டாங்க.